லேபிளில் டொலுயிடின் புளூ, உள்ளே வேறு சாயம்: மாஸ்ட் செல் பார்க்கும் லேப்களுக்கு

25 கிராம் பாட்டில். லேபிளில் டொலுயிடின் புளூ ஓ, சி.ஐ. (கலர் இன்டெக்ஸ்) எண் 52040, லாட் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. கொட்டேஷன்களில் இதுதான் குறைவு என்பதால் ஆர்டர் போனது. மாஸ்ட் செல் என்பது ஒவ்வாமையில் பங்குள்ள திசுச் செல், இந்தச் சாயத்தில் ஊதாவாகத் தெரிய வேண்டும். அந்தச் சாயத்தில் போட்ட தோல் ஸ்லைடுகளில் ஒரு மாஸ்ட் செல்கூட ஊதாவாகத் தெரியவில்லை. திசு முழுக்க மங்கலான நீலம், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோலாக வைத்திருந்த, தோலில் வரும் நியூரோஃபைப்ரோமா என்ற நரம்புக் கட்டியில் மாஸ்ட் செல் எப்போதும் நிறையவே இருக்கும். அதிலும் இல்லை.

சப்ளையரைக் கேட்டால் மூன்று பதில் வந்தது: உங்கள் பி.எச். தப்பு, திசு அதைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் அதிக நாள் கிடந்திருக்கும், ஆல்கஹாலில் வெளுத்திருக்கும். மூன்றும் உண்மையிலேயே நடக்கக்கூடிய தவறுகள். அதனால்தான் பல லேப்கள் அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு அடுத்த பாட்டில் வாங்கிவிடுகின்றன. எந்தத் தவறு ஸ்லைடில் எப்படித் தெரியும் என்று தெரிந்திருந்தால் இந்த மூன்று பதிலையும் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

அடிப்படை இதுதான். மாஸ்ட் செல்லின் துகள்களில் ஹெப்பாரின் இருக்கிறது. அதில் சல்ஃபேட் மின்சுமைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். டொலுயிடின் புளூ மூலக்கூறுகள் அவற்றின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும்போது நீலம் ஊதாச் சிவப்பாகத் திரிகிறது. இதைத்தான் மெட்டாக்ரோமேசியா என்கிறோம். பால் எர்லிக் 1878-இல் தன் ஆய்வேட்டில் இந்தச் செல்களுக்குப் பெயர் வைத்ததே இப்படி நிறம் திரிவதைப் பார்த்துத்தான். செல் உடம்பு நிறைய துகள்கள் இருந்ததால் நன்றாகத் தின்று கொழுத்த செல் என்று நினைத்து ‘மாஸ்ட்’ என்றார். நினைப்பு தப்பு, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வழக்கமான முறை: 70 சதவீத ஆல்கஹால் 100 மி.லி.யில் 1 கிராம் சாயம், இது ஸ்டாக். 1 சதவீத சோடியம் குளோரைடு கரைசலின் பி.எச்.சை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 2.0 முதல் 2.5-க்குள் கொண்டுவர வேண்டும். அதில் 45 மி.லி., ஸ்டாக்கில் 5 மி.லி. சேர்த்தால் வேலைக் கரைசல். அன்றன்றைக்கே தயாரிக்க வேண்டும். 2 முதல் 3 நிமிடம் ஸ்டெயின், காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசல், ஆல்கஹாலில் விரைவாக முக்கி எடுத்து சைலீன், மவுன்ட் (கவர்ஸ்லிப் ஒட்டுதல்).

முதல் பதிலான பி.எச். பிரச்சினைக்கு வருவோம். பி.எச். 2.5-க்கு மேலே போனால் கார்பாக்சில், பாஸ்பேட் தொகுதிகளும் சாயத்தைப் பிடிக்கத் தொடங்கும். உட்கருக்கள் அழுத்தமான நீலமாகும், பின்னணி கனக்கும், மாஸ்ட் செல் அந்தக் கூட்டத்தில் எடுப்பாகத் தெரியாது. ஆனால் ஊதா நிறம் போய்விடாது. பி.எச். 4-இல் போட்டாலும் ஹெப்பாரின் ஹெப்பாரின்தான். ஆக, பின்னணி நீலமாக இருப்பதற்கு பி.எச்.சைக் குறை சொல்லலாம், ஊதாவே வராததற்குச் சொல்ல முடியாது. இன்னொன்று: 4, 7 பஃபர்களில் மட்டும் காலிபரேட் செய்த மீட்டர் 2.3 என்று காட்டினால் நம்ப வேண்டாம். 2-ஐ ஒட்டிய பஃபர் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தப் பக்கம் நம் லேப்களில் பாதிப் பேர் கவனிப்பதே இல்லை.

இரண்டாவது, ஃபார்மலின். இது குடல் சளிச்சவ்வில் உள்ள மாஸ்ட் செல்லுக்குப் பொருந்தும், அதிலும் எலி, சுண்டெலி வேலையில் நன்றாகவே பொருந்தும். ஃபார்மால்டிஹைடு சாயம் ஒட்டும் இடங்களை மறைத்துவிடுவதால் செல் இருந்தும் இல்லாததுபோல் தெரியும். அதற்கு இரண்டு வழி. எடுத்தவுடனேயே கார்னாய் கரைசலில் போடலாம்: ஆல்கஹால் 60, குளோரோஃபார்ம் 30, கிளேஷியல் அசிட்டிக் அமிலம் 10 பங்கு. ஏற்கெனவே ஃபார்மலினில் போன பிளாக் (மெழுகில் பதித்த திசு) என்றால் 0.5 சதவீத டொலுயிடின் புளூவை 0.7 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து ஸ்லைடை 5 முதல் 7 நாள் ஊறவிட வேண்டும். நிமிடம் இல்லை, நாள்தான். ஆனால் தோலில் இருக்கும் மாஸ்ட் செல் ஹெப்பாரின் நிறைந்தது, வழக்கமான ஃபார்மலினுக்குப் பிறகும் மூன்று நிமிடத்தில் ஊதாவாகும். தோல் கன்ட்ரோல் தோற்றபோது ஃபார்மலின் கதை செல்லாது.

மூன்றாவது, ஆல்கஹால். இது மூன்றிலும் மிக நியாயமான சந்தேகம். சாயம் அடுக்கு குலைந்தாலே ஊதா நிறம் போய் நீலமாகும், இன்னும் ஊறினால் சாயமே கழன்றுவிடும். 95 சதவீதத்தில் ஸ்லைடை வைத்துவிட்டு ஃபோன் எடுக்கப் போனால் அவ்வளவுதான். பரிசோதிக்க எளிய வழி: கடைசி அலசலுக்குப் பிறகு, ஆல்கஹாலுக்குப் போகுமுன், ஒரு சொட்டுத் தண்ணீரும் கவர்ஸ்லிப்பும் வைத்து அப்படியே பாருங்கள். நீரில் ஊதா இருந்து மவுன்ட்டில் இல்லையென்றால் தவறு உங்களுடையது. ஆல்கஹாலைத் தவிர்த்து, ஸ்லைடை ஒற்றி எடுத்து நன்றாக உலரவிட்டு நேரே சைலீனுக்குக் கொண்டுபோங்கள், அல்லது மூன்றாம்நிலை பியூட்டனால் பயன்படுத்துங்கள். நீரிலேயே ஊதா இல்லையென்றால் சாயம்தான் குற்றவாளி. இந்த பாட்டிலில் நீரிலேயே இல்லை.

அதற்குப் பிறகு பாட்டிலையே சோதித்ததில் தெரிந்தவை.

ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் சோதனை எல்லாவற்றிலும் தெளிவானது. லிட்டருக்கு 5 மி.கி. என்ற அளவில் நீரில் கரைத்து 500 முதல் 700 நானோமீட்டர் வரை ஸ்கேன் செய்ய வேண்டும். டொலுயிடின் புளூவின் உச்சம் 630-ஐ ஒட்டி வரும். மெத்திலீன் புளூவுக்கு 664-ஐ ஒட்டி. வந்த பாட்டிலின் உச்சம் 660-ஐத் தாண்டித்தான் நின்றது. மெத்திலீன் புளூ மலிவு, அதே குடும்பச் சாயம், தூளைப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தலையில் கட்டுவதற்கு இதைவிட வசதியான பொருள் கிடைக்காது. நன்றாக வேலை செய்த பழைய பாட்டிலில் ஒரு கிராம் எப்போதும் தனியே எடுத்து வையுங்கள். அதே எடை, அதே நீரில் இரண்டையும் ஸ்கேன் செய்தால் உச்சத்தின் இடம் எந்தச் சாயம் என்று சொல்லும், உயரம் எவ்வளவு சாயம் என்று சொல்லும்.

உயரமும் குறைவாக இருந்ததால் அடுத்தது சாம்பல் சோதனை. ஃபியூம் ஹூடில் பீங்கான் குரூசிபிளில் ஒரு கிராமை முதலில் கருக்கி, பிறகு மஃபில் உலையில் 550 டிகிரியில் வெள்ளையாகும்வரை எரிக்க வேண்டும். சுத்தமான குளோரைடு வடிவச் சாயம் கிட்டத்தட்ட எதையுமே மிச்சம் வைக்காது. துத்தநாக இரட்டை உப்பாக விற்கப்படும் சாயம் கொஞ்சம் வைக்கும், அது மோசடி இல்லை. இங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை உப்பு மிஞ்சியது. நீரில் முழுதாகக் கரைந்தது, சுடரில் மஞ்சள் காட்டியது, சில்வர் நைட்ரேட் விட்டதும் தயிர்போல் திரிந்தது. சாதாரண உப்பு. சமையலறை உப்பைச் சாயத்தின் விலைக்கு வாங்கியிருக்கிறோம்.

ஸ்பெக்ட்ரோ இல்லாத லேப் ஹெப்பாரின் சோதனை செய்யலாம். மில்லிக்கு 5000 யூனிட் ஊசி மருந்தில் 0.1 மி.லி. எடுத்து காய்ச்சி வடித்த நீரில் 10 மி.லி. ஆக்குங்கள். மேலே ஸ்கேனுக்குச் சொன்ன லிட்டருக்கு 5 மி.கி. சாயக் கரைசல் 5 மி.லி.யில் ஒரு சொட்டு விட்டால் உடனே ஊதாவுக்குத் திரும்ப வேண்டும். ஊசி மருந்தை நீர்க்காமல் அப்படியே விடாதீர்கள். ஹெப்பாரின் மிகுந்தால் சாயம் விலகி விலகி உட்கார்ந்து நிறம் மீண்டும் நீலத்துக்கே போய், நல்ல சாயத்தையும் கெட்டதென்று காட்டிவிடும். மெத்திலீன் புளூவும் ஓரளவு நிறம் மாறும் என்பதால் பழைய நல்ல சாயத்தைப் பக்கத்தில் இன்னொரு குழாயில் வைத்து ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

தரச் சான்றிதழ் என்று வந்த தாளில் ‘கரும்பச்சைத் தூள், நீரில் கரையும்’ என்று இருந்தது. சாய அளவு எத்தனை சதவீதம், உச்ச அலைநீளம் எவ்வளவு என்ற இரண்டு வரிகளும் இல்லை. இந்த இரண்டும் இல்லாத தாளுக்குப் பெயர் சான்றிதழ் அல்ல. முதல் உலகப் போரில் ஜெர்மன் சாய வரத்து நின்று, வந்த மாற்றுச் சாயங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டதால்தான் அமெரிக்காவில் 1920-களின் தொடக்கத்தில் சாயத் தர ஆணையம் உருவானது. அதுவே பயாலஜிக்கல் ஸ்டெயின் கமிஷன், இன்றும் லாட் வாரியாகச் சோதித்துச் சான்றளிக்கிறது. கொட்டேஷன் கேட்கும்போதே ‘கமிஷன் சான்று எண்ணுடன்’ என்று ஒரு வரி சேர்த்தால், பாதி விலைக்காரர்கள் தாமாகவே விலகிக்கொள்வார்கள்.

அதே பில்லில் வந்த டிரிப்டேஸ் ஆன்டிபாடியையும் சொல்லிவிட வேண்டும். மாஸ்ட் செல்லில் உள்ள டிரிப்டேஸ் என்ற என்சைமைப் பிடித்து, செல்லைப் பழுப்பாகக் காட்ட உதவுவது இது. நீர்த்துத் தயாராக வந்த குப்பி. எந்த ஆன்டிபாடி என்று அடையாளம் சொல்லும் குளோன் பெயர் இல்லை. மனிதத் திசுவுக்கு வழக்கமான குளோன் ஏஏ1. அதுவா என்று கேட்டால் ‘அதற்குச் சமமானது’ என்றார்கள். பாரஃபின் திசுவில் சோதித்ததா, ஆன்டிஜென் மீட்பு (ஃபார்மலின் மறைத்த இடங்களைத் திறக்கும் படி) வெப்பமா என்சைமா என்று கேட்டால் பதிலே இல்லை. போதாக்குறைக்கு, பழுப்பு நிறத்தை உண்டாக்கும் பெராக்ஸிடேஸ் என்சைமான எச்.ஆர்.பி.யின் பாலிமரோடு சேர்த்துக் கொடுத்த கழுவும் பஃபரில் சோடியம் அசைடு. அசைடு எச்.ஆர்.பி.யை முடக்கும், பிறகு பழுப்பு நிறம் எங்கிருந்து வரும்? டிரிப்டேஸ் ஸ்லைடில் எதுவுமே தெரியாவிட்டால் முதலில் பஃபர் லேபிளைப் படியுங்கள். எதிர்மாறாக, தேவைக்கு மேல் தெரிந்தால் ஈயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களைச் சந்தேகியுங்கள். அவற்றின் சொந்தப் பெராக்ஸிடேஸ் பழுப்பாகும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடத் தடுப்பைத் தவற விட்டாலே போதும்.

நாய்க் கட்டிகளில் ஊசியால் உறிஞ்சி எடுத்த மாதிரியைப் பார்க்கும் கால்நடை லேப்கள் இன்னும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டிஃப்-குவிக் வகை விரைவுச் சாயம் சில மாஸ்ட் செல் கட்டிகளில் துகள்களைக் காட்டாது. சந்தேகம் தீர்க்கக் கடைசியாகக் கை வைப்பது டொலுயிடின் புளூவில்தான். அதுவே போலியென்றால் மாஸ்ட் செல் கட்டி வேறொரு வட்டச் செல் கட்டியாக ரிப்போர்ட்டில் போய்விடும்.

புகார் எழுதிய பிறகு மாற்று பாட்டில் ஒன்று வந்தது. லேபிள் புதிது, லாட் நம்பர் வேறு. உச்சம் மறுபடியும் 660-ஐத் தாண்டியே நின்றது. ஸ்கேன் பிரிண்ட், சாம்பல் எடை, ஸ்லைடு படம் மூன்றையும் இணைத்துத் திருப்பி அனுப்பியாயிற்று. பணம் இன்னும் வரவில்லை.