வி3-க்கு வால் உண்டு: பழையபேட்டை மாடி இங்கிலீஷ் வகுப்பு எப்படி?

கிருஷ்ணகிரியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நோட்டீஸ் ஒட்டாத கரண்ட் கம்பம் இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம். முக்கால்வாசி இடத்தில் கதை ஒன்றுதான். முதல் வாரம் 'மை நேம் இஸ்', அடுத்த வாரம் டென்ஸ் சார்ட், மூன்றாவது வாரம் வாத்தியாரே மாறியிருப்பார். பழையபேட்டை பக்கம் ஒரு மாடியில் நடக்கும் இந்த வகுப்புக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மிஸ் நடத்துகிறார். மூன்று மாதத்துக்கு ரூ.2,500. வாரத்தில் இரண்டு சாயங்காலம், அப்புறம் ஞாயிறு காலை.

நான் வேலை பார்ப்பது மாங்கூழ் ஃபேக்டரியில், டெஸ்பாட்ச் செக்ஷன். எங்கள் இங்கிலீஷில் ஷேக்ஸ்பியருக்கு வேலையில்லை. 215 கிலோ டிரம்மில் ஒட்டும் லேபிள், 3.1 கிலோ டின் அட்டைப்பெட்டியில் அச்சடிக்கும் வரி, பையருக்குப் போகும் மெயில், அவ்வளவுதான். அதையெல்லாம் எடுத்துப் பாருங்கள்: 'பேக்டு இன் ஏசெப்டிக் பேக்ஸ்', 'ஷிப்டு ஃப்ரம் சென்னை', 'ஸ்டோர்டு இன் எ கூல் ப்ளேஸ்'. எல்லாமே ஒரு வி3 (வினையின் மூன்றாவது உருவம், அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிள்), அதன் பின்னால் ஒரு பிரிபொசிஷன், அதன் பின்னால் ஒரு பெயர். பள்ளிக்கூடத்தில் 'கோ, வென்ட், கான்' என்று வி1, வி2, வி3 வரைக்கும் ஒப்பிக்க வைத்தார்கள், வி3-ஐ எங்கே கொண்டுபோய் வைப்பது, பின்னால் எதைச் சேர்ப்பது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இந்த மிஸ் அதை மட்டும்தான் உருப்படியாகச் சொல்லித் தருகிறார். எனக்கு அதுவே போதும்.

அவர் போர்டில் வி3-ஐத் தனியாக எழுதவே மாட்டார், வாலோடுதான், அதாவது பின்னால் வரும் பிரிபொசிஷனோடுதான் எழுதுவார். 'மேட்' என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினார், யாரும் போனைத் தொடவில்லை. நம்ம ஊரில் கிரானைட்டும் இருக்கிறது, மாங்கூழும் இருக்கிறது, அதனால் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. மேசையைப் பார்த்தாலே கல் தெரிகிறது, அதனால் 'மேட் ஆஃப் கிரானைட்'. ஜூஸைப் பார்த்தால் பெங்களூரா மாங்காய் தெரியாது, உருமாறிப் போய்விட்டது, அதனால் 'மேட் ஃப்ரம்'. சர்க்கரை போல பல பொருளில் ஒன்றாகக் கலந்திருந்தால் 'மேட் வித்'. திருப்பிப் போட்டு, மாங்காய் கூழாவதைச் சொல்ல வேண்டுமென்றால் 'மேட் இன்டூ பல்ப்'. பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி, "பேப்பர் கப்புக்கு என்ன மிஸ்?" என்று மடக்கப் பார்த்தான். "கப்பு மேட் ஆஃப் பேப்பர், பேப்பரு மேட் ஃப்ரம் மரம். உட்காருப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்.

பாசிவ் என்றாலே பின்னால் 'பை' போட வேண்டும் என்று நம் எல்லோருக்கும் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. செய்த ஆளுக்கு 'பை', பயன்படுத்திய கருவிக்கு 'வித்' என்பது வரை பரவாயில்லை, பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் 'நோன்' வந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. கிருஷ்ணகிரி 'நோன் ஃபார்' மாம்பழம், ஏனென்றால் புகழுக்குக் காரணம் சொல்கிறோம். தோத்தாபுரி இங்கே 'நோன் ஆஸ்' பெங்களூரா, ஏனென்றால் பெயர் சொல்கிறோம். ஒரு ஆளை 'நோன் டு த போலீஸ்' என்று எழுதினால் அவர் இன்ஸ்பெக்டருக்கு நண்பர் என்று அர்த்தமில்லை, ஸ்டேஷனில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது என்று அர்த்தம். 'மேரீட் வித்' பற்றியும் சொன்னார். கணவன் மனைவி பெயருக்கு முன்னால் 'டு'தான். 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்பது சரியான இங்கிலீஷ்தான், ஆனால் அதற்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன என்று பொருள்.

இந்த வகுப்பில் காசு கொடுத்ததற்கு உண்மையிலேயே பலன் கிடைத்த இடம் வார்த்தை வரிசை. தமிழில் 'வழியில் அடிபட்ட டிரம்' என்றால் வர்ணனை எல்லாம் முன்னால் வந்து, டிரம் கடைசியில் வரும். எவ்வளவு நீளமாக இழுத்தாலும் அப்படித்தான். வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வரும், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகளுக்கும் இதே வரிசைதான். இங்கிலீஷில் வி3 தனியாக இருந்தால் முன்னால் நிற்கலாம்: 'டேமேஜ்டு டிரம்ஸ்'. வால் முளைத்துவிட்டால் பின்னால் போயே ஆக வேண்டும்: 'டிரம்ஸ் டேமேஜ்டு இன் ட்ரான்சிட்'. 'இன் ட்ரான்சிட் டேமேஜ்டு டிரம்ஸ்' என்று எழுதிய மெயில்களை எங்கள் ஆபீசிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு விசித்திரமும் இருக்கிறது. 'ஃபெட் பை ரெயின்' என்பதில் பிரிபொசிஷனைக் கழற்றிவிட்டு, இரண்டையும் சின்னக் கோடு போட்டு ஒட்டினால் 'ரெயின்-ஃபெட்', அதாவது நம் மானாவாரி. 'டிரைடு இன் த சன்' என்பது 'சன்-டிரைடு' ஆகிவிடும். வால் போன உடனே இங்கிலீஷ்காரனும் நம் வரிசைக்கு வந்து, பெயருக்கு முன்னால் வைத்துவிடுகிறான். மிஸ் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

அதே வகுப்பில் குதிரை வாக்கியமும் வந்தது. தாமஸ் பீவர் என்ற மொழி ஆராய்ச்சியாளர் 1970-இல் கொடுத்த உதாரணம்: 'த ஹார்ஸ் ரேஸ்டு பாஸ்ட் த பார்ன் ஃபெல்'. படித்தால் குதிரை கொட்டகையைத் தாண்டி ஓடியது என்று முடித்துவிடுவோம், அப்புறம் 'ஃபெல்' எங்கிருந்து வந்தது என்று முழிப்போம். 'ரேஸ்டு' அங்கே வி2 இல்லை, வி3. கொட்டகையைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பதுதான் பொருள். வி2-வும் வி3-யும் ஒரே உருவத்தில் இருப்பதால் வரும் வினை இது. 'த லாரி டிரிவன் பாஸ்ட் த டோல்கேட் ஓவர்டர்ன்டு' என்று போட்டால் குழப்பமே இல்லை, ஏனென்றால் 'டிரிவன்' வி3-ஆக மட்டும்தான் இருக்க முடியும். வால் யாருக்குச் சொந்தம் என்பதற்கு இன்னொன்றும் காட்டினார்: 'பில்ட் அக்ராஸ் த தென்பெண்ணை, வி விசிட்டட் த டேம்'. இப்படி எழுதினால் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டது கேஆர்பி அணை இல்லை, நாம்தான். காற்புள்ளிக்கு அடுத்து வரும் ஆளுக்குத்தான் வால் போய் ஒட்டும்.

ஆபீஸ்காரர்களுக்கு ஒரு விஷயம். 'டாக்குமெண்ட்ஸ் ரிக்வெஸ்டட் ஃபார்' என்று எழுதுவதை நிறுத்துங்கள். 'ஆஸ்க்' வினைக்கு 'ஃபார்' உண்டு, அதனால் 'ஆஸ்க்டு ஃபார்' சரி. 'ரிக்வெஸ்ட்' வினையாக வரும்போது 'ஃபார்' கிடையாது, அதனால் அதன் வி3-க்கும் கிடையாது. 'டிஸ்கஸ்டு அபௌட்' கதையும் இதுவேதான்.

சரி, குறைகள். கையில் கொடுக்கும் நோட்ஸ் புத்தகம் சுத்த வேஸ்ட். வகுப்பில் காரணத்தோடு சொல்பவர், புத்தகத்தில் அகர வரிசையில் ஒரு பட்டியலைப் போட்டு மனப்பாடம் செய் என்று விட்டுவிட்டார். ஜெராக்ஸ் வேறு பாதி மங்கல். 'போர்டு ஆஃப்' தப்பு என்று ஒரே போடாகப் போட்டிருக்கிறது. 'போர்டு வித்', 'போர்டு பை' பழையவை, தேர்வில் அவற்றை எழுதுவதுதான் பத்திரம், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பேச்சில் 'ஆஃப்' இன்றைக்கு எல்லா இடத்திலும் கேட்கிறது, அதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். 'கம்ப்ரைஸ்டு ஆஃப்' நேரெதிர். பல எழுத்துநடைக் கையேடுகள் அதை ஏற்பதில்லை, புத்தகத்திலோ ஒரு எச்சரிக்கையும் இல்லை. 'கம்போஸ்டு ஆஃப்' என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

உச்சரிப்பு பக்கம் அவர் போகவே இல்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். 'பேக்டு', 'ஷிப்டு' கடைசியில் 'ட்' சத்தம் வல்லினமாக வர வேண்டும், 'சீல்டு' மெல்ல முடியும், 'லோடட்' மட்டும் தனி அசையாக நீளும். எழுத்தில் மூன்றுக்கும் ஒரே 'இடி'தான், பேசும்போது மூன்று விதம். போனில் பையரிடம் பேசுகிறவனுக்கு இது தேவை, மிஸ்ஸோ எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்.

பேங்க் எக்ஸாம், எஸ்எஸ்சி-க்குப் படிப்பவர்களும் எங்களோடு சேர்ந்து உட்காருகிறார்கள். அவர்களுக்குத் தப்பு கண்டுபிடிக்கும் கேள்விக்கு ஷார்ட்கட் வேண்டும், மிஸ் தரமாட்டார், அதனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவர்கள் வேறு இடம் பார்க்கலாம். தகரக் கூரை, ஒரே ஃபேன், ஏப்ரல் மேயில் உட்கார முடியாது. தண்ணீர் நீங்களே கொண்டுபோங்கள்.

மாம்பழ சீசனில் ஃபேக்டரி ஆட்களுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், வகுப்பு போய்விடும். விட்டதை அடுத்த பேட்ச்சில் காசு வாங்காமல் உட்கார விடுகிறார், கேட்டால் போதும். புதிதாகச் சேர்பவர்கள் சீசன் முடிந்ததும் ஆகஸ்டில் சேருங்கள், புத்தகத்துக்கு என்று தனியாக ரூ.300 கேட்பார்கள், அதைக் கொடுக்காதீர்கள்.