வெளிநாட்டில் உங்கள் காசை மாற்றுவது யார்? நோட்டு, கார்டு, ஏடிஎம்: ஓர் ஒப்பீடு

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணத்தை எப்படி எடுத்துப் போவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நோட்டாகக் கையில் இருந்தால்தான் தைரியம் என்பார் ஒருவர். கார்டு இருக்கும்போது நோட்டு எதற்கு என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே கேட்க மறப்பது ஒன்று உண்டு: நம் பணம் அந்த நாட்டுப் பணமாக மாறும் இடத்தில் விலையை முடிவு செய்வது யார்? பணம் மாற்றும் கவுன்டரா, கார்டு கொடுத்த வங்கியா, விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்கா, இல்லை நாம் பொருள் வாங்கிய கடையின் மெஷினா? காசு கரைவது பெரும்பாலும் அங்கேதான்.

கணக்குப் போட வசதியாக, போகிற நாட்டின் ஒரு காசு நம் பணத்தில் 100 என்று வைத்துக்கொள்வோம். இது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைகளின் நடு விலை. இணையத்தில் தேடினால் வருவது ஏறக்குறைய இதுதான். நமக்கு அங்கே 200 காசு வேண்டும். நடு விலையில் 20,000. இதற்கு மேல் போகிற ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எடுத்துக்கொள்வது.

நோட்டு

விமான நிலையக் கவுன்டரில் ‘கமிஷன் கிடையாது’ என்று பலகை தொங்கும். பொய் இல்லை. கமிஷனைத் தனியாகக் கேட்பதில்லை, விலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். அதே பலகையில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும்: அவர்கள் நம்மிடம் வாங்கும் விலை, நமக்கு விற்கும் விலை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், கமிஷன் அங்கே இருக்கிறது. 110-க்கு விற்று 90-க்கு வாங்கும் கவுன்டரில் 200 காசுக்கு 22,000 ஆகும். திரும்பும்போது 50 காசு மிஞ்சி, அதே கவுன்டரில் நீட்டினால், 5,500 கொடுத்து வாங்கியதற்கு 4,500 கையில் வரும். நகரத்துக்குள் நாலைந்து கடைகள் பக்கத்துப் பக்கத்தில் போட்டி போடும் தெருவில் இந்த இடைவெளி நன்றாகச் சுருங்கும்.

நோட்டின் பலம் வேறு. கரன்ட் போனாலும் இணையம் போனாலும் அது செல்லும். செலவாகச் செலவாகக் கண்ணெதிரே குறைவதால் கையும் கொஞ்சம் அடங்கும். பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது: தொலைந்தால் போனதுதான். தெரியாத பலவீனம் ஒன்றும் இருக்கிறது. கிழிந்த, மடிந்த, பேனாவால் கிறுக்கிய டாலர் நோட்டைப் பல நாடுகளில் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் விலையைக் குறைப்பார்கள். வாங்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குங்கள். துனிசியா போல, தன் நாட்டுப் பணத்தை உள்ளே கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் தடை போட்ட நாடுகளும் உண்டு. அங்கே முன்கூட்டியே மாற்றிக்கொண்டு போகும் பேச்சுக்கே இடமில்லை.

ஏடிஎம்

டெபிட் கார்டைச் செருகி அந்த ஊர் நோட்டை எடுப்பது பெரும்பாலும் விமான நிலையக் கவுன்டரைவிட மலிவு. ஏனென்றால் இங்கே மாற்று விலையைப் போடுவது பொதுவாக விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க். அது நடு விலைக்குப் பக்கத்தில் இருக்கும். அதற்கு மேல் நம் வங்கி தன் பங்குக்கு ஒரு சதவீதம் சேர்க்கும். 3 சதவீதம் வரை போவது சாதாரணம். அப்புறம் ஏடிஎம்காரருடைய கட்டணம். தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கிறார்கள், எடுக்கும் தொகை சிறிதா பெரிதா என்று பார்ப்பதில்லை.

‘எவ்வளவு எடுத்தாலும் ஒரே கட்டணம்’ என்ற இந்த ஏற்பாடு சிறுகச் சிறுக எடுப்பவரைத்தான் அடிக்கும். நம் கணக்கில் ஏடிஎம் கட்டணம் 5 காசு, வங்கி சேர்ப்பது 3 சதவீதம் என்று வையுங்கள். 200 காசை ஒரே தடவையில் எடுத்தால் 21,115. அதையே பயந்து பயந்து 40, 40-ஆக ஐந்து தடவை எடுத்தால் 23,175. விமான நிலையக் கவுன்டரே தேவலை என்று ஆகிவிடும்! வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுப்பது நல்லது. மெஷின் கார்டை விழுங்கினால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருப்பார். சுற்றுலாத் தெருவில் தனியாகப் பளபளவென்று நிற்கும் மெஷின்களில் கட்டணமும் கூடுதல், அடுத்துச் சொல்லப்போகும் வித்தையும் அங்கேதான் அதிகம்.

‘உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டலாமே?’

கார்டைக் கொடுத்ததும் மெஷின் திரையில் இரண்டு தொகை வரும்: அந்த ஊர்ப் பணத்தில் ஒன்று, நம் ஊர்ப் பணத்தில் ஒன்று. நம் பணத்தில் பார்த்தால் எவ்வளவு என்று சட்டெனப் புரிகிறது, மனசுக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் விலை. அதைத் தொட்டால் மாற்று விலையைப் போடும் உரிமை நெட்வொர்க்கின் கையிலிருந்து கடைக்காரரும் அவருக்கு மெஷின் கொடுத்த நிறுவனமும் பங்கு போடும் ஏற்பாட்டுக்குப் போய்விடுகிறது. அவர்கள் 6 சதவீதம் வைத்தால் நம் 20,000 இப்போது 21,200. சில வங்கிகள், ‘கடை வெளிநாட்டில்தானே இருக்கிறது’ என்று தங்கள் 3 சதவீதத்தையும் இதன் மேல் போடும்: 21,836. அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டியிருந்தால் 20,600-ஓடு முடிந்திருக்கும்.

ஏடிஎம் திரையில் இது இன்னும் சாமர்த்தியமாக வரும். ‘கன்வர்ஷனை ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பச்சையாக, பெரிதாக இருக்கும். ‘ஏற்கவில்லை’ என்பதை அழுத்தினால் பணமே வராதோ என்று தோன்றும்படி வாசகம் எழுதியிருப்பார்கள். பயப்பட வேண்டாம், அழுத்துங்கள். மறுப்பது மாற்று விலையை மட்டும்தான், பணம் வரும். உணவகத்தில் பரிமாறுபவர் அவசரத்தில் நமக்காகத் தானே ஒன்றைத் தட்டிவிட்டால், ரசீதில் நம் நாட்டுப் பணத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்திலேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். எந்தப் பணத்தில் கட்டுவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டுக்காரருக்குத்தான் என்பது நெட்வொர்க்குகளின் விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல், ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதைத் திரையிலேயே காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சதவீதத்தை ஒரு தடவை படித்தவர் மறுபடி பச்சைப் பொத்தான் பக்கம் போக மாட்டார்.

கிரெடிட்டா, டெபிட்டா, முன்கூட்டியே ஏற்றிய கார்டா?

பொருள் வாங்கவும் அறைக்குப் பணம் கட்டவும் என் ஓட்டு கிரெடிட் கார்டுக்கு. காரணம் புள்ளிகளோ பரிசோ இல்லை. ஹோட்டலிலும் வாடகைக் கார் கவுன்டரிலும் வந்ததும் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். கிரெடிட் கார்டில் முடங்குவது கடன் வரம்பு. டெபிட் கார்டில் முடங்குவது சேமிப்புக் கணக்கில் இருக்கும் நம் சொந்தப் பணம். காரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அது விடுபடப் பல நாள் ஆகலாம், அதற்குள் பயணமே முடிந்துவிடும். திருட்டு நடந்தாலும் இதே வித்தியாசம்தான்: ஒன்றில் பில்லைப் பற்றி வாதாடுகிறோம், மற்றதில் போன பணம் திரும்பக் காத்திருக்கிறோம்.

ஆனால் கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகாதீர்கள். எடுத்த அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும், வழக்கமான சலுகை நாட்கள் கிடையாது, தனிக் கட்டணமும் உண்டு. இன்னொரு சின்ன விஷயம்: வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால், திரும்பி வரும் தொகை அன்றைய விலையில் கணக்காகும். போன தொகையும் வந்த தொகையும் ஒன்றாக இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டுக்கு விளம்பரம் அதிகம். ‘விலையைப் பூட்டிவிடலாம்’ என்பார்கள். பூட்டலாம், உண்மைதான். ஆனால் எந்த விலையில் பூட்டுகிறார்கள்? ஏற்றும் நாளில் அவர்கள் விற்கும் விலையில். நோட்டு கவுன்டரின் அந்த இரண்டு வரிசை இங்கேயும் உண்டு. டாலர் ஏற்றிய கார்டை யூரோ நாட்டில் தேய்த்தால் இன்னொரு மாற்றுக் கட்டணம். மிச்சத்தைத் திரும்பக் கேட்டால் வாங்கும் விலை. சும்மா விட்டால் சிலர் மாதாமாதம் ஏதோ ஒன்றைக் கழிப்பார்கள். வாடகைக் கார்க்காரர்கள் பலர் இதை டெபாசிட்டுக்கு ஏற்பதே இல்லை. அப்படியானால் யாருக்கு இது சரி? சேமிப்புக் கணக்கோடு தொடர்பு இல்லாமல் ஒரு தொகையை மட்டும் வெளியே வைக்க நினைப்பவருக்கு. வெளியூரில் படிக்கப் போகும் பிள்ளையிடம் கொடுத்தனுப்பவும் நல்லது. எவ்வளவு போனாலும் அதில் ஏற்றியதுதான் போகும்.

ஆப் வழியாக வரும் புதுவகைக் கார்டுகள் நடு விலையிலேயே மாற்றித் தருவதாகச் சொல்கின்றன. பல நேரம் அது உண்மையும்கூட. மாத வரம்பைத் தாண்டினாலோ, சந்தை மூடிய சனி ஞாயிறில் மாற்றினாலோ கொஞ்சம் சேர்ப்பவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமையே மாற்றி வைத்தால் தீர்ந்தது. 1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கொண்டுவந்த பயணக் காசோலை ஒரு காலத்தில் இந்த இடத்தில் ராஜாவாக இருந்தது. இன்று அதை மாற்றித் தரும் இடத்தைத் தேடி அலைய வேண்டும். விட்டுவிடலாம்.

போகிற நாடு முடிவை மாற்றும்

இதுவரை சொன்னதெல்லாம் கார்டு வேலை செய்யும் நாட்டுக்கு. 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. வெளியே வாங்கிய கார்டுகள் அங்கே செல்லாது. ஈரானிலும் அப்படியே. அங்கே நோட்டுதான், வேறு பேச்சில்லை. ஸ்வீடனில் நேர்மாறு, ‘நோட்டு வாங்குவதில்லை’ என்று எழுதி ஒட்டிய கடைகள் உண்டு. லண்டன் பேருந்துகள் 2014 ஜூலையிலிருந்து காசு வாங்குவதில்லை. கார்டையோ போனையோ தட்டி ஏறலாம், ஒரு நாளுக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்ற உச்சவரம்பும் உண்டு. ஆனால் காலையில் கார்டு, மாலையில் அதே கார்டு ஏற்றிய போன் என்று மாற்றித் தட்டினால் இரண்டு ஆளாகக் கணக்கு வைக்கும். சீனாவில் எல்லாமே அலிபே, வீசாட் பே. அந்த ஆப்களில் வெளிநாட்டுக் கார்டை இணைப்பது 2023-லிருந்து எளிதாகியிருக்கிறது, கிளம்பும் முன்பே இணைத்துப் பார்த்துவிடுங்கள். ஜப்பானில் சிறு கடைகளுக்கு இன்னும் நோட்டு வேண்டும். செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டை ஏற்கும்.

சரி, கார்டு செல்லும் சாதாரண நாட்டுக்கு நான் பிரிப்பது இப்படி. இறங்கிய முதல் நாளைச் சமாளிக்கும் அளவு நோட்டு. வெளிநாட்டுச் செலவுக்குக் கூடுதல் சதவீதம் போடாத கிரெடிட் கார்டு ஒன்று, பெரிய செலவெல்லாம் அதில். ஏடிஎம்முக்கு மட்டும் ஒரு டெபிட் கார்டு, அந்தக் கணக்கில் பயணத்துக்கான தொகை மட்டும். இரண்டு கார்டும் வேறு வேறு நெட்வொர்க்காக இருக்கட்டும், வேறு வேறு பையில் இருக்கட்டும். இணையத்தில் டிக்கெட் வாங்க ஓடிபி வரும் சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். இது இல்லாமல் நல்ல கார்டும் வெறும் பிளாஸ்டிக்தான். பின் நம்பரையும் மனப்பாடம் செய்யுங்கள், ஆளில்லாத ரயில் டிக்கெட் மெஷின் கையெழுத்துக்கு மசியாது.

மிச்ச நோட்டை அங்கேயே தீர்த்துவிடுவது லாபம். கடைசி நாள் ஹோட்டல் பில்லில் கையில் இருப்பதையெல்லாம் கொடுத்து, மீதியைக் கார்டில் போடச் சொல்லலாம். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். சில்லறையை முதலில் தள்ளுங்கள், பணம் மாற்றும் கடைகள் பொதுவாக நாணயத்தைத் தொடுவதில்லை. அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று மேசை டிராயரில் போட்டு வைப்பவர்கள் நோட்டுக்கும் காலாவதி உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பிரிட்டனின் பழைய காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடையில் செல்வதில்லை. பேங்க் ஆஃப் இங்கிலாந்து இன்னும் மாற்றித் தருகிறது. ஆனால் அதற்காக ஒருவர் லண்டன் போவாரா என்ன?