சேவாக்கா, ஜெய்ஸ்வாலா?

இந்திய டெஸ்ட் கிரிக்கெட் அணியின் தொடக்க ஆட்டக்காரராக யார் சிறந்தவர் என்ற விவாதத்தில், வீரேந்தர் சேவாக், யஷஸ்வி ஜெய்ஸ்வால் இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

வேகம்: சேவாக் 104 டெஸ்டுகளில் 8586 ரன்கள், 100 பந்துக்கு 82. இதற்கு இணையே இல்லை. 2008-இல் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்கா 540 எடுத்த பிறகும் அவர் அசரவில்லை. 278 பந்துகளில் முச்சதம்! ஜெய்ஸ்வாலும் அடிப்பார்: 2024 ராஜ்கோட்டில் ஒரே இன்னிங்ஸில் 12 சிக்சர், அதில் இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சனை அடுத்தடுத்து மூன்று.

பொறுமை: 2023-இல் டொமினிகாவில் அறிமுக ஆட்டத்திலேயே ஜெய்ஸ்வால் 387 பந்துகள் நின்று 171 எடுத்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் முதல் இன்னிங்ஸில் பூஜ்ஜியம். இரண்டாவதில் 297 பந்துகளில் 161. பந்தை விட்டுவிடத் தெரிந்த ஆட்டம் அது. சேவாக்குக்கு அந்தப் பழக்கம் குறைவு. பாகிஸ்தானின் முல்தானில் 295-இல் நின்றவர், இறங்கிவந்து சுழற்பந்து வீச்சாளர் சக்லைனை சிக்சருக்குத் தூக்கித்தான் 300-ஐக் கடந்தார்.

கால் நகர்வு: சேவாக்கிடம் குறைவு, கண்ணும் கையும் போதும். பயிலும் பிள்ளைகள் ஜெய்ஸ்வாலைப் பார்ப்பதே நல்லது.

நான்காம் நாளுக்குள் எதிரணியை நொறுக்க வேண்டுமென்றால் சேவாக். ஆஸ்திரேலியாவில் புதுப்பந்தைத் தாங்கி நாள் முழுக்க ஆட வேண்டுமென்றால், தயங்காமல் ஜெய்ஸ்வால்.