கதைப்படமா, ஆவணப்படமா? மல்யுத்த வீரர்களின் மறுபக்கம்

தாராவி 90 அடி சாலை வீட்டில் டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாடி வளர்ந்தவர்கள் நானும் தம்பியும். "மல்யுத்த வீரர்களைப் பத்தின ரெண்டு படத்துல எதை முதல்ல பார்க்கட்டும்ணே?" என்று போன வாரம் கேட்டான்.

ஒன்று, மிக்கி ரூர்க் நடித்த 'தி ரெஸ்ட்லர்' (2008). புகழ் போய், மாரடைப்பும் வந்த வீரர் சூப்பர் மார்க்கெட்டில் இறைச்சி நிறுத்துக் கொடுக்கிறார். மணிக்கட்டில் சுற்றிய பட்டைக்குள் பிளேடுத் துண்டை ஒளித்துவைத்து, தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்கிறார். சண்டையின் முடிவு பேசிவைத்தது, ரத்தம் நிஜம். ரூர்க்கின் நடிப்பு அபாரம்.

இன்னொன்று, பேரி பிளாஸ்டீனின் 'பியாண்ட் தி மேட்' (1999). ஆவணப்படம். எனக்கு இதுதான் ஒரு படி மேல். ஐம்பதைத் தாண்டியும், முழங்கால் தேய்ந்தும் மல்யுத்தத்தை விட மனமில்லாத வீரர் டெர்ரி ஃபங்க் இதில் வருகிறார். அப்புறம் இன்னொரு வீரர், மிக் ஃபோலி. கைவிலங்கு மாட்டப்பட்ட ஃபோலியின் தலையில், எதிராளி தி ராக் இரும்பு நாற்காலியால் திரும்பத் திரும்ப அடிக்கிறார். சண்டை வளையத்துக்குப் பக்கத்திலேயே ஃபோலியின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவர் மகளின் அலறல் நடிப்பில்லை. பிறகு அந்தக் காட்சியைப் பார்க்கும் ஃபோலியின் முகம் வாடுவதை என்னால் மறக்க முடியவில்லை. 'எல்லாம் டூப்பு' என்று நாமும்தானே கைதட்டினோம்!

சரி, ஆவணப்படத்தை முதலில் பார்க்கச் சொன்னேன். பாப்பா தூங்கிய பிறகு போடு என்றும் சொன்னேன்.