நாற்பதைத் தாண்டி ஓவியம் படிக்க: மதுரையிலிருந்து எந்த வழி யாருக்கு?

என் தையல் மேசைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் வரைந்த ஓவிய நோட்டுகளை அதில்தான் வைத்திருக்கிறேன். இப்போது எனக்கு 43 வயது. செல்லூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். திருமணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் பி.காம். முடித்தேன். மகன் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய ஆண்டில், ஓவியமும் வடிவமைப்பும் முறையாகப் படித்தே தீருவது என்று முடிவெடுத்தேன். அன்று தொடங்கி இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு வழியாக விசாரித்து வருகிறேன். எங்கே போனாலும் இரண்டு கேள்விகள் கேட்டேன்: வாரத்தில் எத்தனை மணி நேரம் போகும்? என் கோடு பிசகினால் அதைப் பார்த்துத் திருத்த ஆள் இருக்கிறாரா?

வயதுக் கேள்வியை முதலில் பார்த்துவிடலாம், பலரும் அதிலேயே மனம் ஒடிந்துபோகிறார்கள். நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தில் இளநிலைப் படிப்புக்கு 24 வயதுக்குள் இருக்க வேண்டும். அதே நிஃப்ட்டில் முதுநிலைக்கு வயது வரம்பே கிடையாது, பல பிரிவுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஐ.ஐ.டி.களின் முதுநிலை வடிவமைப்புக்கான சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வையும் எந்த வயதிலும், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். வயதானவர்களுக்குக் கீழ்ப்படியைவிட மேல்படி அகலமாக இருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் என் மனம் போனது சென்னைக்கு. பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. தேவி பிரசாத் ராய் சவுத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் அங்கே முதல்வர்களாக இருந்தவர்கள். ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு, துணி வடிவமைப்பு, சுடுமண், அச்சு ஓவியம் என்று பிரிவுகள் உண்டு. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. கோயில் மரபில் சிற்பம் செதுக்கவோ மரபு ஓவியம் தீட்டவோ விரும்புகிறவர்களுக்கு மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. படிப்பின் ஆழத்தில் இந்த மூன்றுக்கும் ஈடாக வேறெதையும் சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டுகள், நாள் முழுவதும், உடன் படிப்பவர்களின் கையையும் பார்த்துக்கொண்டே கற்கும் வாய்ப்பு அது. ஆனால் மதுரையிலிருந்து சென்னை ரயிலில் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். மாமியாரின் மருந்து வேளையையும் தீபாவளித் தையலையும் விட்டு நான்கு ஆண்டுகள் போக என்னால் முடியாது. கடமைகள் முடிந்து ஓய்வூதியமும் கையில் இருக்கும் ஒருவர் கேட்டால், அறிவிப்பில் வயது விதியைப் பார்த்துவிட்டு இன்றே விண்ணப்பியுங்கள் என்பேன்.

சீட் தேர்வை ஐ.ஐ.டி. மும்பை நடத்துகிறது, ஜனவரியில் வரும். முதற்பகுதி கணினியில், இரண்டாம் பகுதி காகிதத்தில் கையால் வரைவது. மூன்றாண்டுப் பட்டம் இருந்தால் தேர்வு எழுதலாம் என்பதால் என் பி.காம். போதும் என்று துள்ளினேன். பிறகுதான் தெரிந்தது, எழுதத் தகுதி வேறு, சேரத் தகுதி வேறு. ஒவ்வொரு நிறுவனமும், அதற்குள் ஒவ்வொரு பிரிவும் தனி நிபந்தனை வைத்திருக்கிறது. பொறியியல், கட்டடக்கலை, நான்காண்டு நுண்கலை போன்ற பட்டங்களை மட்டும் ஏற்கும் பிரிவுகள் பல. மதிப்பெண்ணும் ஓராண்டுக்குத்தான் செல்லும். பொறியியல் படித்துவிட்டு அலுவலகத்தில் சலித்துப்போன முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இது அருமையான வழி. என்னைப் போன்றவர்கள் கட்டணம் கட்டுவதற்கு முன் நிபந்தனைகளை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே கற்கச் செலவில்லாத பாடங்கள் உண்டு. என்.பி.டி.இ.எல். (NPTEL) என்ற இணையதளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் வடிவமைப்புப் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்குப் போக வேண்டும். எட்டு வாரப் பாடம் ஒன்றை முடித்தேன். நிறத்தைப் பற்றிப் பேசும் சொற்கள் அதில்தான் கிடைத்தன. கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

தனியார் மையம் ஒன்றில் ஆறு மாதக் கிராஃபிக் டிசைன் வகுப்புக்குப் பணம் கட்டியதையும் சொல்ல வேண்டும். மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் அங்கே சொல்லித் தரவில்லை. நான் அமைத்த அழைப்பிதழில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி சரியா என்று கேட்டேன், பயிற்றுநருக்குக் கேள்வியே புரியவில்லை. கையில் கோடு இல்லாதவர் கணினியில் தொடங்கினால் அடுத்தவர் செய்து வைத்த வடிவங்களை நகர்த்திக்கொண்டுதான் இருப்பார். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மீதி இருந்தவை இரண்டு. என் மனம் நிலைத்தது இவற்றில்தான்.

ஒன்று அரசு ஐ.டி.ஐ., அதாவது தொழிற்பயிற்சி நிலையம். ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு வயது வரம்பு இல்லை. தையல், ஆடை வடிவமைப்பு, பூவேலை, கணினி அச்சுக்கோப்பு போன்றவை ஓராண்டுப் பிரிவுகள். எந்த நிலையத்தில் எது நடக்கிறது என்று மதுரை கோ.புதூரில் இருக்கும் ஐ.டி.ஐ.க்கு நேரில் போய்க் கேட்பதே நல்லது. அரசு நிலையத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும், சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமே என்ற கூச்சம் வரும். எனக்கும் வந்தது. தடை அதுவல்ல, பகல் முழுவதும் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான்.

இன்னொன்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம். லோயர், அடுத்து ஹையர் என்று இரண்டு நிலை. பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருக்கும் பலர் இந்த வழியில் வந்து, கோடையில் நடக்கும் ஆசிரியர் பயிற்சியையும் முடித்தவர்கள். தனியாகப் படித்து எழுதலாம் என்பதால் நேரம் நம் கையில் இருக்கிறது. பட்டத்தின் பெருமை இதற்கு இல்லை. ஆனால் வைத்த பொருளைப் பார்த்து வரையச் சொல்லிச் சாக்குப்போக்குச் சொல்ல இடமில்லாமல் நிற்க வைக்கிறது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். முதல் நாளே என் சொம்புப் படத்தைப் பார்த்து, “வாய் ஒரு கண்ணிலும் அடி ஒரு கண்ணிலும் பார்த்து வரைந்திருக்கிறாயம்மா” என்றார். இரண்டு ஆண்டுத் தேடலில் என் கோட்டைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் சொல் அது. அன்றே சேர்ந்துவிட்டேன்.

இதோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்குடி முடிச்சுப் போடக் கற்கிறேன். மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு உண்டு. இன்று கடைகளில் தொங்கும் சுங்குடி பெரும்பாலும் மெழுகு அச்சு. நூலால் முடிந்து சாயத்தில் தோய்ப்பதுதான் பழைய முறை. எனக்குக் கற்றுத் தரும் சௌராஷ்டிரப் பாட்டி துணியை மடித்து, நகநுனியால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்குகிறார். சாயம் ஏறாத அந்த இடம்தான் பிறகு வெள்ளைப் புள்ளியாகப் பூக்கிறது. புள்ளிகளுக்கு இடையே இருக்கும் தூரத்தை அவர் அளவுகோல் இல்லாமல் பிடிக்கிறார். “முடிச்சு தளர்ந்தால் சாயம் உள்ளே புகுந்துவிடும், கண்ணு” என்று ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தொட்டுப் பார்க்கிறார். சான்றிதழ் எதுவும் இதில் கிடைக்காது. ஆனால் புடவைக்கு என் சொந்த வடிவம் அமைக்க வேண்டும் என்றுதான் இந்தத் தேடலையே தொடங்கினேன், அதற்கு இந்த விரல்களைவிட நெருக்கமான பள்ளி மதுரையில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு முதல் எட்டு வரை ஓவியம், ஞாயிறு பிற்பகல் சுங்குடி. வாரத்துக்கு ஏழு மணி நேரம். மாமியாருக்கு உடல் தேறி, வீட்டில் பகல்நேரம் கிடைத்தால் ஐ.டி.ஐ. விண்ணப்பம் வாங்குவேன். இந்த வாரம் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை வரைந்து வரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். வரிசை தூரத்தில் போகப் போகச் சிறுக்க வேண்டும். என் தாளில் நான்காவது தூண் இன்னும் மூன்றாவதைவிடப் பருமனாக நிற்கிறது.