கொயில் சுற்றும் மெசினுக்கு என்கோடர் பூட்டி ஓட்டிய அனுபவம்

கிளிநொச்சிப் பக்கத்து மோட்டர் வைண்டிங் கடைகளில், கொயிலுக்கு, அதாவது மோட்டருக்குள் போகும் வயர்ச் சுருளுக்கு, சுற்று எண்ணுவதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. மலிவான கல்குலேட்டர் ஒன்றைக் கழற்றி, சமன் பட்டனின் இரண்டு முனைகளுக்கும் காந்தம் கிட்ட வந்தால் மூடும் ரீட் சுவிட்ச் ஒன்றை வயர் பிடித்து, கைச்சக்கரத்தில் காந்தம் ஒட்டி விடுவார்கள். கூட்டலில் ஒன்றை ஏற்றி வைத்தால் சக்கரம் ஒரு தரம் சுற்ற திரையில் ஒன்று ஏறும். செலவே இல்லாத வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயர் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டது, நாலு சுற்றைப் பின்னுக்கு அவிழ்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த நாலையும் அது கூட்டித்தான் காட்டும். சிறுபோகத்தில் வட்டக்கச்சி, முரசுமோட்டைப் பக்கமிருந்து எரிந்த பம்ப் மோட்டர்கள் வரிசையாக வரும் நேரத்தில், எத்தனை அவிழ்த்தோம் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டு இருக்க ஏலாது. சுற்றுக் குறைந்தால் மோட்டர் கூடக் கரண்ட் இழுக்கும், சூடேறும், பிறகு ஆள் திரும்ப வந்து நிற்பார்.

அதனால் எனக்குத் தேவைப்பட்டது பின்னுக்கும் எண்ணத் தெரிந்த ஒன்று. என்கோடர் என்பது அச்சு எவ்வளவு, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைச் சிக்னலாகத் தரும் துண்டு. எல்.பி.டி.3806 என்று விற்கும், சுற்றுக்கு 600 பல்ஸ் தரும் ஆப்டிகல் என்கோடரைக் கொழும்பிலிருந்து எடுத்துப் பூட்டினேன். அந்தச் சிக்னலை எண்ணுவது ஆர்டுயினோ ஊனோ என்ற, புரோகிராம் ஏற்றும் சின்னப் பலகை. சில வருடங்களாக அதே துண்டுதான் ஓடுகிறது.

உள்ளே பெரிய மந்திரம் இல்லை. மெல்லிய கீற்றுகள் வெட்டிய தட்டு ஒன்று சுற்றுகிறது, ஒரு பக்கம் எல்.ஈ.டி., மறுபக்கம் ஒளியை உணரும் துண்டுகள். ஏ, பி என்று இரண்டு சிக்னல் வெளியே வரும், இரண்டுக்கும் நடுவில் கால் அலை, அதாவது 90 பாகை, இடைவெளி. முன்னுக்குச் சுற்றினால் ஏ, பி இரண்டின் நிலையும் 00, 01, 11, 10 என்று வரும், பின்னுக்குச் சுற்றினால் அதே வரிசை தலைகீழாக வரும். ஒரு நேரத்தில் ஒரு பிட் மட்டும்தான் மாறும் என்பதுதான் இதில் முக்கியம். இரண்டும் ஒன்றாக மாறியதாக புரோகிராமுக்குத் தெரிந்தால் நடுவில் ஒரு படியைத் தவறவிட்டிருக்கிறது என்று அர்த்தம். 600 பல்ஸில் எல்லா விளிம்பையும் எண்ணினால் சுற்றுக்கு 2400 கிடைக்கும். கொயிலுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையே இல்லை, உண்மையில் 100 பல்ஸ் உள்ளதே தாராளம். கையில் கிடைத்தது இதுதான்.

பூட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது, இதன் வெளியீடு ஓப்பன் கலெக்டர். சிக்னலைத் தரைக்கு இழுக்கத் தெரியும், மேலே தூக்கத் தெரியாது. ஆர்டுயினோவின் உள் புல்-அப்பை, அதாவது சிக்னலை மேலே தூக்கி வைக்கும் ரெசிஸ்டரை, நம்பலாம் என்பார்கள், அது 20 முதல் 50 கிலோ ஓம் வரை, மேசையில் வைத்துப் பார்க்கும்போது ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் மெசினை ஓட்டுவது தையல் மெசின் மோட்டர். கார்பன் பிரஷ் தீப்பொறி விடுகிற சாதி, பெடல் மிதித்தவுடன் எண்ணிக்கை தன்பாட்டில் துள்ளியது. ஏ, பி இரண்டுக்கும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்குப் போட்டு, கேபிளின் கவச வயரை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டுக்குக் கொடுத்த பிறகு அந்தச் சேட்டை நின்றது. ரெசிஸ்டர் இல்லாமல் சிக்னல் வயரை நேரே பிளஸ்ஸில் தொட்டால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும், அதை மட்டும் கவனியுங்கள்.

புரோகிராமில் ஒரு விஷயம். இணையத்தில் கிடைக்கும் பாதி உதாரணங்கள் ஏ ஏறும்போது மட்டும் இன்டரப்ட் அடித்து, அதாவது ஓடும் வேலையை நிறுத்தி, பி-யைப் பார்த்துக் கூட்டவோ கழிக்கவோ செய்யும். பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் சக்கரம் சரியாக அந்த விளிம்பில் நின்று நடுங்கினால் ஏ ஏறி ஏறி இறங்கும், பி மாறவே மாறாது, எனவே மெசின் நிற்க எண்ணிக்கை மட்டும் முன்னுக்குப் போகும். கடையில் வேலை பழகும் தம்பிதான் இதைக் கண்டான், “அண்ணை, சும்மா நிக்கேக்கையும் எண்ணுது” என்றான். ஏறும் விளிம்பு, இறங்கும் விளிம்பு இரண்டையும் எடுத்தால் நடுக்கம் ஒன்று கூட்டி ஒன்று கழித்து தானே சரியாகிவிடும். ஊனோவில் 2, 3 ஆம் பின்கள்தான் வெளி இன்டரப்டுக்கு, இரண்டையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

அச்சை அச்சோடு இறுக்கிப் பூட்ட வேண்டாம். என்கோடரின் 6 மில்லிமீற்றர் அச்சைத் தாங்குவது சின்ன பெயரிங், மெசின் அச்சு கொஞ்சம் ஆடினாலும் அதைத்தான் தின்னும். மோட்டார் சைக்கிள் பெற்றோல் குழாயில் ஒரு துண்டு வெட்டி இரண்டு பக்கமும் கிளிப் போட்டிருக்கிறேன், அதுவே போதுமாக இருக்கிறது.

கரண்ட் போனால் என்ன என்பதுதான் எங்கள் பக்கத்தில் முதல் கேள்வி. இந்த வகை என்கோடருக்கு ஞாபகம் கிடையாது, எண்ணிக்கை முழுவதும் ஆர்டுயினோவில்தான் இருக்கிறது, அது அணைந்தால் பூச்சியம். ஒவ்வொரு சுற்றையும் ஈப்ரொமில், அதாவது கரண்ட் போனாலும் அழியாத அதன் நினைவகத்தில், எழுதலாம் என்று யோசனை வரும், ஆனால் ஒரு இடத்தில் 100,000 தரம் எழுதும் வரைதான் அதற்கு உத்தரவாதம், கடையில் அது கெதியாகத் தீர்ந்துவிடும். நான் எண்ணும் பெட்டியை 12 வோல்ட் பற்றரியில் விட்டுவிட்டேன். மோட்டர் நின்றாலும் எண்ணிக்கை நிற்காது, கையால் சுற்றி முடிக்கலாம்.

ரோபோ செய்யும் பெடியள் வாங்கும் 20 துளைத் தட்டும் இன்ஃப்ராரெட் சென்சரும் சேர்ந்த செட்டைக் கேட்டு, பொறியியல் பீடம் இருக்கும் அறிவியல் நகர்ப் பக்கமிருந்து சிலர் வருவார்கள். வேகம் பார்க்க மட்டும் என்றால் வாங்கலாம். ஒரே ஒரு சிக்னல்தான், திசை தெரியாது, அதோடு திறந்தபடி இருப்பதால் வெயில் காலத்துச் செம்மண் புழுதி அதற்கு ஒத்துவராது. அறிவியல் நகருக்குள் குளிரூட்டிய அறையில் ஓடலாம், ஏ-9 றோட்டோரக் கடையில் ஓடாது.

கையால் குமிழ் திருகும் கே.வை-040 என்கோடர் பற்றி அதிகம் இல்லை. வீட்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்கு 37.5 பாகை வெப்பநிலை வைக்கப் பூட்டியிருக்கிறேன். ஒரு கிளிக்குக்கு நாலு எண்ணிக்கை வரும், நாலால் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே உரசும் தகடு என்பதால் துள்ளல் இருக்கும், சி.எல்.கே., டி.டி. என்ற சிக்னல் பின்கள் இரண்டிலும் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபராட் கெப்பாசிற்றர் ஒவ்வொன்று போட்டால் பெரும்பாலும் அடங்கும். பெட்டிக்குள்ளே பூட்ட வேண்டாம், ஈரப்பதத்தில் தகடு கறுத்து ஒரு கிளிக் விட்டு ஒரு கிளிக் வேலை செய்யத் தொடங்கும். ஆர்டுயினோவுக்குப் பதில் வைஃபை உள்ள ஈ.எஸ்.பி.32 பலகைக்குக் கொடுப்பவர்கள் 3.3 வோல்ட்டில் மட்டும் கொடுக்கவும். அதன் 34 முதல் 39 வரையான பின்களில் உள் புல்-அப் இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கே.வை பலகையில் பட்டனுக்கான ரெசிஸ்டரைப் பல நேரம் போடாமலே விட்டிருப்பார்கள்.

எனக்கு அதிகம் பிடித்துப்போனது ஏ.எஸ்.5600. மேல் தண்ணித் தாங்கியில் மிதவைக் கையின் கோணத்தைப் பார்க்கிறது. ஒரு சுற்றை 4096 ஆகப் பிரிக்கும் காந்த என்கோடர், எதையும் தொடுவதில்லை, கரண்ட் போய் வந்த கணமே கை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடும். காந்தம் மட்டும் சரியானதாக இருக்க வேண்டும். குறுக்கு வாக்கில் வடக்கும் தெற்கும் உள்ளதுதான் வேலை செய்யும், பழைய ஹெட்செட்டிலிருந்து பிடுங்கும் வட்டக் காந்தங்கள் மேல் கீழாகக் காந்தமேற்றியவை, அவற்றால் பிரயோசனம் இல்லை. எந்தப் பக்கம் சுற்றினால் எண் கூடும் என்று முடிவு செய்யும் திசைப் பின்னைத் தொங்கவிடாமல் கிரவுண்டில் கட்டுங்கள். அளவை அனுப்பும் ஐ2சி வயரை மாடியிலிருந்து கீழே இழுக்கவும் வேண்டாம், ஈ.எஸ்.பி.யை மேலேயே வைத்து வைஃபையில் அனுப்புகிறேன்.

அப்படியானால் கொயில் மெசினுக்கும் இதையே போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் லாபம் இல்லை. சுற்றுக்குள் எந்தக் கோணம் என்றுதான் இதற்குத் தெரியும், எத்தனையாவது சுற்று என்று தெரியாது, அதைப் புரோகிராம்தான் எண்ண வேண்டும், அதற்கும் அரைச் சுற்று ஓடிப்போகும் முன் அடுத்த அளவை வாசித்துவிட வேண்டும். கரண்ட் போனால் அந்தக் கணக்கும் போய்விடும், திரும்ப அதே பற்றரிதான்.