91, 70, 67: ஹார்ட்ஸ், ஹிப்ஸ், ரேஞ்சர்ஸ் மோதிய சீசன்

ஹார்ட்ஸும் ஹிப்ஸும் (ஹைபர்னியன்) எடின்பரா கால்பந்து கிளப்புகள், ரேஞ்சர்ஸ் கிளாஸ்கோ கிளப். நான் ஹிப்ஸ் ரசிகன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே ஹார்ட்ஸைப் பற்றி நல்ல வார்த்தை நிறைய வரப்போகிறது. எடின்பராவில் பச்சைச் சட்டைக்காரன் மெரூன் சட்டைக்காரர்களைப் புகழ்வது லேசில் நடக்காது. ஆனால் ஸ்காட்லாந்தின் இரண்டாம் தட்டு லீக்கான சாம்பியன்ஷிப்பின் 2014-15 சீசனை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஒரே விஷயம்தான் தெரிகிறது: எந்த கிளப் தன் வீட்டை முதலில் ஒழுங்குபடுத்தியதோ அது முதலிடம் பிடித்தது (ஹார்ட்ஸ், 91 புள்ளி). இரண்டாவதாக ஒழுங்கானது இரண்டாம் இடம் (ஹிப்ஸ், 70). சீசன் முடியும் நேரம் வரை ஒழுங்காகாத கிளப் மூன்றாம் இடம் (ரேஞ்சர்ஸ், 67).

ஸ்காட்லாந்தின் இரண்டாம் தட்டில் அப்படி ஒரு வருஷம் அதற்கு முன் வந்ததில்லை. ரேஞ்சர்ஸ் 2012-ல் திவாலாகி, அடிமட்ட டிவிஷனிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. ஹார்ட்ஸ், ஹிப்ஸ் இரண்டும் 2014-ல் ஒரே சீசனில் மேல்தட்டிலிருந்து இறங்கின. பத்து அணிகள், ஒவ்வொருவருடனும் நான்கு ஆட்டம், மொத்தம் 36. முதலிடத்துக்கு மட்டும்தான் நேரடிப் பதவி உயர்வு. மூன்றாவதும் நான்காவதும் மோத வேண்டும், ஜெயித்தவர் இரண்டாவதுடன் மோத வேண்டும், அதில் ஜெயித்தவர் மேல்தட்டான பிரீமியர்ஷிப்பில் 11-ஆவதாக முடித்த அணியுடன் மோத வேண்டும். மூன்று பெரிய கிளப், ஒரே ஒரு நேர்வழி.

ஹார்ட்ஸ் எப்படி இறங்கியது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2013 ஜூனில் அந்த கிளப் கடனில் மூழ்கி நிர்வாகிகள் கைக்குப் போனது. அதற்குத் தண்டனையாக 15 புள்ளி கழிக்கப்பட்டது. புதிய ஆட்களை எடுக்கவும் தடை. மிச்சமிருந்த பையன்களை வைத்தே ஆடி, களத்தில் 38 புள்ளி எடுத்தார்கள். கழித்த பிறகு 23. அதே சீசனில் எங்கள் ஹிப்ஸ் எடுத்தது 35. அதாவது தண்டனை மட்டும் இல்லாவிட்டால் அவர்கள் எங்களுக்கு மேலே முடித்திருப்பார்கள். ஜேமி வாக்கர், சாம் நிக்கல்சன், பில்லி கிங், கலம் பேட்டர்சன் எல்லோரும் அந்த அடி வாங்கிய வருஷத்தில் பழுத்தவர்கள்.

நாங்கள் இறங்கிய கதை வேறு. ஹாமில்டனுடன் ப்ளே-ஆஃப், அதாவது மேல்தட்டில் இடம் யாருக்கு என்பதைத் தீர்க்கும் இரண்டு ஆட்டம். அவர்கள் ஊரில் முதல் ஆட்டத்தை 2-0 என்று ஜெயித்துவிட்டு, சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்று, பெனால்டியில் போனோம். அதற்கு முன் பல மாதமாக அணி சரிந்துகொண்டே இருந்தது. ஹார்ட்ஸைப் போல எங்களைக் கணக்குப் புத்தகம் இறக்கவில்லை. ஆட்டம்தான் இறக்கியது.

சரி, இறங்கிய பிறகு யார் என்ன செய்தார்கள்?

ஹார்ட்ஸில் ஆன் பட்ஜ் 2014 மே மாதம் பொறுப்பேற்றார். ஏறக்குறைய அதே மூச்சில் க்ரெய்க் லெவீனைக் கால்பந்து இயக்குநராகவும், ராபி நீல்சனைத் தலைமைப் பயிற்சியாளராகவும் அறிவித்தார். பின்னால் ரசிகர்களின் அறக்கட்டளை நின்றது. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மாதாமாதம் தங்கள் பையிலிருந்து பணம் போட்டார்கள். பட்ஜ் முன்பணம் போடுவார், ரசிகர்கள் மெல்ல அடைத்து கிளப்பை வாங்கிக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. அது 2021-ல் அப்படியே நடந்தும் முடிந்தது. ஆட்கள் விஷயத்திலும் தடுமாற்றம் இல்லை. கோலில் அனுபவசாலி நீல் அலெக்சாண்டர், பின்வரிசையில் கேப்டன் டேனி வில்சன், நடுவில் கோமிஸ், புவாபென், முன்னால் ஒஸ்மான் சோ. முதுகெலும்பு முழுக்கப் பெரியவர்கள், ஓரங்களில் சொந்தப் பையன்கள்.

ஹிப்ஸில் ஜூன் மாதம்தான் மேனேஜர் டெரி புட்சரை அனுப்பினார்கள். அப்புறம் ஆலன் ஸ்டப்ஸ் வந்தார். மேனேஜராக அவருக்கு அதுவே முதல் வேலை. மதர்வெல்லிலிருந்து வந்த லீஆன் டெம்ஸ்டர் நிர்வாகத்தைச் சரிசெய்யத் தொடங்கியிருந்தார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எங்கள் ஆட்டத்தின் முகத்தையே மாற்றிய ஸ்காட் ஆலன் வந்து சேரும்போது சீசன் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த ஆகஸ்டிலேயே ஹார்ட்ஸ், ஃபால்கிர்க், ஆலோவா என்று வரிசையாகத் தோற்றிருந்தோம்.

ரேஞ்சர்ஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் மூச்சு வாங்கும். அந்தப் பிரிவிலேயே சம்பளம் அதிகம் கொடுத்த அணி அதுதான். முந்தைய வருஷம் மூன்றாம் தட்டில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 102 புள்ளியுடன் மேலே வந்தவர்கள். ஆனால் இயக்குநர் குழுவில் சண்டை, ரசிகர்கள் கோபம், நடுவில் அப்போதைய நியூகாசில் உரிமையாளர் மைக் ஆஷ்லியின் பிடி. டிசம்பரில் மேனேஜர் ஆலி மெக்காய்ஸ்ட் ராஜினாமா கடிதம் கொடுத்தார். சில நாட்களில் வேலைக்கு வர வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கப்பட்டார். கென்னி மெக்டவல் தற்காலிகமாக வந்தார். புத்தாண்டு சமயத்தில் அவர்களுடைய நல்ல இளைஞன் லூயிஸ் மெக்லவுட் ப்ரெண்ட்ஃபோர்டுக்கு விற்கப்பட்டார். பிப்ரவரி தொடக்கத்தில், கடைசி நாளில், நியூகாசிலிலிருந்து ஐந்து பேர் ஒரே மூட்டையாகக் கடனுக்கு வந்து இறங்கினார்கள். அந்த ஐவரில் உருப்படியாக ஆடியது ஹாரிஸ் வுச்கிச் ஒருவர்தான். மார்ச்சில் டேவ் கிங் தரப்பு நிர்வாகத்தைக் கைப்பற்றியது, ஸ்டூவர்ட் மெக்கால் மேனேஜராக வந்தார். ஹார்ட்ஸ் மே மாதம் முடித்த வேலையை ரேஞ்சர்ஸ் அடுத்த மார்ச்சில்தான் தொடங்கியது.

முதல் வாரமே இரண்டு கிளப்பின் நிலைமையையும் காட்டிக் கொடுத்தது. 2014 ஆகஸ்ட் 10, ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸ். ஹார்ட்ஸ் 1-0 என்று முன்னால். ஆட்டம் முடியும் நேரத்தில் நிக்கி லா சமன் செய்தார். மைதானமே எழுந்து நிற்கிறது. ஹார்ட்ஸ் நடுக்கோட்டிலிருந்து பந்தைத் தொட்டு நகர்த்தி, அந்தக் கூச்சல் அடங்கும் முன்னே ஒஸ்மான் சோ வழியாக மறுபடி கோல் அடித்துவிட்டார்கள். வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வர்ணனையாளர் எந்த கோலைச் சொல்கிறார் என்றே ஒரு நிமிஷம் புரியவில்லை.

இப்போது என் மனதுக்குப் பிடித்த கணக்குக்கு வருகிறேன். அந்த சீசனில் இந்த மூன்று அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் தனியாக எடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஹார்ட்ஸும் நாங்களும் நான்கு முறை மோதினோம்: ஆளுக்கு ஒரு வெற்றி, இரண்டு டிரா, ஐந்து ஐந்து புள்ளி. ரேஞ்சர்ஸை நான்கில் மூன்று முறை நாங்கள் வென்றோம். அதில் டிசம்பர் 27 அன்று எங்கள் மைதானமான ஈஸ்டர் ரோடில் 4-0. ஹார்ட்ஸ் ரேஞ்சர்ஸிடம் இரண்டு ஜெயித்து, ஒன்று தோற்று, ஒன்று டிரா செய்தது. ஆக இந்தக் குட்டிப் பட்டியலில் ஹிப்ஸ் 14, ஹார்ட்ஸ் 12, ரேஞ்சர்ஸ் 7. நாங்கள்தான் முதலிடம்!

பல வருஷமாக இந்தக் கணக்கை நண்பர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் தேதிகளையும் சேர்த்துப் பார்த்தால் அது அவ்வளவு பலமாக நிற்காது. மார்ச் 22 அன்றே, ஏழு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே, ஹார்ட்ஸ் பட்டத்தை உறுதி செய்துவிட்டது. அதுவும் எங்கள் மைதானத்தில் ரேஞ்சர்ஸ் எங்களை 2-0 என்று வென்றதால்! ஹார்ட்ஸ் ரேஞ்சர்ஸிடம் தோற்றது ஏப்ரல் 5. எங்களிடம் தோற்றது ஏப்ரல் 12. ரேஞ்சர்ஸுடன் 2-2 டிரா ஆனது கடைசி நாளில். எல்லாமே பட்டம் கைக்கு வந்த பிறகு. அதற்கு முன் எங்கள் இருவரிடமும் அவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

தோற்க வைத்திருக்கலாம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அக்டோபர் 26, ஈஸ்டர் ரோடு. நான் கிழக்கு ஸ்டாண்டில் இருந்தேன். எங்கள் மலோங்கா அடித்த கோலில் 1-0 என்று முன்னால் இருக்கிறோம். கூடுதல் நேரமும் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் பச்சை மப்ளரை எடுத்துக் கழுத்தில் இறுக்கிச் சுற்றி, வீட்டுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார். பந்து நடுக்களத்தில் உருண்டு ஹார்ட்ஸின் அலீம் ஓஸ்டுர்க்கிடம் போனது. அவர் ஒரு சென்டர் பேக். கோல் கம்பம் நாற்பது கஜத்துக்கு அந்தப் பக்கம். ஓங்கி அடித்தார். பந்து உயர்ந்து போய் எங்கள் கோல்கீப்பர் ஆக்ஸ்லியின் தலைக்கு மேலே இறங்கியது. ஒரு கணம் மைதானம் முழுக்க மௌனம். அப்புறம் மெரூன் கூட்டம் இருந்த பக்கத்திலிருந்து மட்டும் சத்தம். பெரியவர் மப்ளரின் இரண்டு முனையையும் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அது அதிர்ஷ்டம் என்று எங்கள் ஆட்கள் இன்றும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஒரு தடுப்பாட்டக்காரர் அங்கிருந்து அடிக்கத் துணிகிறார் என்றால், அந்த அணி தன்னை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

உண்மையான வித்தியாசம் சின்ன அணிகளுடன் ஆடியதில்தான் இருக்கிறது. மற்ற ஏழு கிளப்புகளுடன் ஆளுக்கு 28 ஆட்டம், அதிகபட்சம் 84 புள்ளி. ஹார்ட்ஸ் எடுத்தது 79. இருபத்தாறு வெற்றி, ஒரு டிரா, ஃபால்கிர்க்கிடம் ஒரே ஒரு தோல்வி. பிப்ரவரி கடைசியில் கௌடன்பீத்தை 10-0 என்று அடித்தார்கள். ரேஞ்சர்ஸ் அதே ஏழு கிளப்புகளிடம் எடுத்தது 60. தோல்வி இரண்டுதான், ஆனால் ஒன்பது டிரா. நாங்கள் எடுத்தது 56. ஆறு தோல்வி, ஐந்து டிரா. ரேஞ்சர்ஸை மூன்று முறை மண்ணைக் கவ்வ வைத்த அணி, ஆலோவாவின் சின்ன மைதானத்தில் போய்த் தோற்றது.

இதற்குக் காரணம் ஆட்ட பாணி என்று நினைக்கிறேன். ஸ்டப்ஸின் ஹிப்ஸ் பந்தைத் தரையில் வைத்து, ஆலன் வழியாக நடுவில் நூல் கோத்து ஆடும். எதிரணி முன்னேறி வந்தால் பின்னால் இடம் கிடைக்கும், ஆலனின் பாஸ் அங்கே போய் விழும், எங்கள் ஸ்ட்ரைக்கர் கமிங்ஸ் ஓடிப் பிடிப்பார். ரேஞ்சர்ஸ் அப்படி முன்னேறி வந்ததால்தான் அவ்வளவு அடி வாங்கியது. எதிரணியின் பத்துப் பேரும் தங்கள் கோல் பெட்டிக்குள் போய் நின்றுகொண்டால் எங்களிடம் வேறு சாவி இல்லை. ஹார்ட்ஸிடம் சாவிகள் பல இருந்தன: ஓரத்தில் நிக்கல்சனும் கிங்கும், பின்னாலிருந்து பேட்டர்சன் ஏறி வந்து தலையால் முட்டுவார், கார்னர் கிடைத்தால் ஓஸ்டுர்க்கும் வில்சனும் போவார்கள். அழகில் நாங்கள் ஒரு படி மேல். 36 வாரத்துக்கு ஒரு அணியை நம்பி வண்டி ஏற வேண்டும் என்றால் நீல்சனின் அணியில்தான் ஏற வேண்டும்.

ப்ளே-ஆஃப் பற்றி அதிகம் சொல்ல மனசில்லை. ரேஞ்சர்ஸ் குயின் ஆஃப் தி சவுத்தைத் தாண்டி வந்து, ஐப்ராக்ஸில் எங்களை 2-0 என்று வென்றது. ஈஸ்டர் ரோடில் கமிங்ஸ் கடைசி நேரத்தில் ஒன்று அடித்தார். போதவில்லை. இறுதியில் பிரீமியர்ஷிப்பின் 11-ஆவது அணியான மதர்வெல் அவர்களை 3-1, 3-0 என்று நசுக்கியது. அந்த ஆட்டங்களில் ரேஞ்சர்ஸின் கால்கள் கனத்துப்போயிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. மே மாதம் முழுக்க ஆறு ஆட்டம் ஆட வேண்டிய வழி அது. மூன்றாம் இடத்திலிருந்து அந்த வழியாக மேலே போவது எவ்வளவு கடினம் என்பதை லீக் அமைப்பாளர்கள் யோசித்திருக்க வேண்டும். பன்னிரண்டு அணி கொண்ட பிரீமியர்ஷிப்புக்கு ஏற ஒரே ஒரு நேரடி இடம் என்பது அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

அடுத்த இரண்டு வருஷங்களும் நான் முதலில் சொன்னதையே மறுபடி காட்டின. 2015 ஜூனில் ரேஞ்சர்ஸ் மார்க் வார்பர்ட்டனை மேனேஜராக நியமித்தது. விகனிலிருந்து டாவர்னியரும் வாகோர்னும் வந்தார்கள். ஜூலை 25 அன்று ஈஸ்டர் ரோடுக்கு வந்து சேலஞ்ச் கோப்பை ஆட்டத்தில் எங்களை 6-2 என்று வென்றார்கள். அதே கோடையில் ஸ்காட் ஆலனைக் கேட்டு ரேஞ்சர்ஸ் திரும்பத் திரும்ப விலை பேசியது, ஹிப்ஸ் மறுத்தது, கடைசியில் அவர் செல்டிக் போனார். எங்களுக்கு அந்தக் கோடை முழுவதும் அந்தப் பேச்சிலேயே கரைந்தது. ரேஞ்சர்ஸ் 81 புள்ளியுடன் மேலே போனது. நாங்கள் ஃபால்கிர்க்குடன் 70-70 என்று சமமாக முடித்து மூன்றாம் இடத்துக்கு இறங்கினோம், ப்ளே-ஆஃபிலும் அவர்களிடமே கடைசி நிமிஷ கோலில் வீழ்ந்தோம்.

எட்டு நாள் கழித்து, 2016 மே 21 அன்று, அதே ரேஞ்சர்ஸுக்கு எதிராக ஹாம்ப்டனில் 92-ஆவது நிமிஷம் டேவிட் கிரே தலையால் முட்டினார். 3-2. 1902-க்குப் பிறகு முதல் ஸ்காட்டிஷ் கோப்பை. பதவி உயர்வு வேண்டுமா, அந்தக் கோப்பை வேண்டுமா என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்: கோப்பைதான்.

ஆனால் கோப்பை எங்களை மேலே கொண்டுபோகவில்லை. அந்த ஜூனில் ஸ்டப்ஸ் போய் நீல் லெனன் வந்தார். ஆகஸ்டுக்குள் அணி தயாராக இருந்தது. முன்பு போல் அடிக்கடி தோற்கவில்லை. 2017 ஏப்ரலில் குயின் ஆஃப் தி சவுத்தை 3-0 என்று வென்று பட்டத்தை உறுதி செய்தோம். முடிவில் நாங்கள் 71, இரண்டாவதாக வந்த ஃபால்கிர்க் 60. ஹார்ட்ஸ் ஒரே வருஷத்தில் கடந்த தூரத்தைக் கடக்க எங்களுக்கு மூன்று வருஷம் ஆனது.